நோட்டோ சான்ஸ் தமிழ்: வந்து சேராதபோதும் சோதித்த ஓர் எழுத்துரு

எழுத்து கிடைக்காத இடத்தில் திரையில் தோன்றும் வெற்றுக் கட்டத்தை எழுத்துருத் துறையினர் டோஃபு என்பார்கள். அந்தக் கட்டமே கூடாது என்ற எண்ணத்தில், ‘நோ டோஃபு’ என்பதைச் சுருக்கிப் பெயர் சூட்டப்பட்டது கூகுளின் நோட்டோ வரிசை. அதில் வரும் நோட்டோ சான்ஸ் தமிழை, நீண்ட கட்டுரைகள் இடம்பெறும் ஓர் இணையதளத்தில் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

எழுத்துருவைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒகர, ஓகார உயிர்மெய்களில் கொம்பும் காலும் சரியான இடத்தில் அமர்கின்றன. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவை சிதறுவதில்லை. 100 முதல் 900 வரையிலான தடிமன்கள் அனைத்தும் ஒரே மாறுநிலைக் கோப்பில் அடங்கியிருக்கின்றன. சாய்வெழுத்து மட்டும் கிடையாது. சாய்வு கேட்டால் உலாவி தானே எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. அது தமிழுக்குச் சற்றும் பொருந்தவில்லை என்பதால் அழுத்தம் தர வேண்டிய இடங்களில் தடித்த எழுத்தையே வைத்தேன். அதிலும் முதலில் தவறினேன்: 400 (சாதாரண) தடிமன் மட்டும் உள்ள கோப்பை ஏற்றிவிட்டு 700 (தடித்த எழுத்து) கேட்டதால், உலாவி போலியாகத் தடிக்கவைத்து ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகளை அடைத்துவிட்டது.

ஆனால் ஓர் எழுத்துருவின் நம்பகத்தன்மை, அது வந்து சேராத நொடிகளில் பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் நாம் எழுத்துருப் பெயர்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறோம். அதிலிருந்து உலாவி மாற்று எழுத்துருவைப் பக்கத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அந்தப் பட்டியலின் தலையிலிருந்து தேடி வருகிறது. எனவே லத்தீன் எழுத்துருவை முதலில் வைத்தால் எண்களும் நிறுத்தற்குறிகளும் அதிலிருந்து வரும், தமிழ் மட்டும் அடுத்த பெயருக்குப் போகும். நோட்டோவுக்குப் பின் ‘சான்ஸ்-செரிஃப்’ என்ற பொதுப் பெயரை மட்டும் எழுதி முடித்தால் எது வரும் என்பதை வாசகரின் கருவியே முடிவு செய்யும். அதைத் தவிர்க்க, விண்டோஸ் 8 முதல் கிடைக்கும் நிர்மலா யூஐ, அதற்கு முந்தைய விண்டோஸுக்கு லதா, ஆப்பிள் கருவிகளுக்குத் தமிழ் சங்கம் எம்என் என வரிசையாகப் பெயர் சொல்லி, பொதுப் பெயரை இறுதியில் வைத்தேன். ஆண்ட்ராய்டில் கவலை குறைவு. அங்கே தமிழுக்குப் பெரும்பாலும் நோட்டோவே இருக்கிறது.

எழுத்துரு வரும்வரை வாசகரைக் காக்க வைக்கக் கூடாது. எழுத்துரு இறங்கும்வரை என்ன காட்டுவது என்று சொல்லும் ஃபான்ட்-டிஸ்ப்ளே என்ற சிஎஸ்எஸ் பண்புக்கு ‘பிளாக்’ என்று கொடுத்தால் ஏறக்குறைய 3 நொடிகள் வரை எழுத்தே தெரியாமல் போகலாம். ‘ஸ்வாப்’ கொடுத்தால் மாற்று எழுத்துரு உடனே தெரிந்து, பின்னர் நோட்டோ அதன் இடத்தைப் பிடிக்கும். அப்போது அகல வேறுபாட்டால் வரிகள் குதிக்கின்றன. கருவியில் உள்ள எழுத்துருவைத் தனிப்பெயரில் அறிவித்து, எழுத்துகளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சைஸ்-அட்ஜஸ்ட் மதிப்பைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்ததில் அந்தக் குதிப்பு பெருமளவு அடங்கியது. வரி உயரத்தையும் வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும், இல்லையேல் அது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும்.

கூகுள் ஃபான்ட்ஸ் சேவையிலிருந்து நேரடியாக எடுப்பதில் ஒரு வசதி உண்டு: யுனிகோடு வரம்புவாரியாக (எந்தெந்த எழுத்துகளுக்கு எந்தக் கோப்பு என்று) கோப்பு பிரிக்கப்பட்டிருப்பதால், தமிழே இல்லாத பக்கத்துக்குத் தமிழ்க் கோப்பு இறங்காது. வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கிய எழுத்துரு நம் தளத்துக்கும் உதவும் என்ற பழைய வாதம் மட்டும் இப்போது செல்லாது. குரோம் 2020இல் தற்காலிகச் சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்துவிட்டது. நோட்டோவுக்கான எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் அனுமதிப்பதால், இணையத்துக்கெனச் சுருக்கப்பட்ட வோஃப் 2 வடிவக் கோப்பை என் வழங்கியிலேயே (சர்வரிலேயே) வைத்துக்கொண்டேன். யுனிகோடு வரம்பை நானே எழுதினேன்.

கட்டுரை உரைக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தலைப்புகளில் மட்டும் இது சற்று உணர்ச்சியற்று நிற்கிறது. அங்கே முக்தா மலர் என்ற வேறொரு தமிழ் எழுத்துருவை வைத்திருக்கிறேன், அதற்கும் அதே மாற்றுப் பட்டியல்தான்.