முன் சீட் லீவருக்கு 48,000 ரூபாய்: கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்

போன மாதம் எங்கள் காரின் முன் சீட்டைத் திருத்தக் கொடுத்து 48,000 ரூபாய் கட்டினேன். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். திருத்தியாகிவிட்டது என்று சொல்லித் தந்த அந்தச் சீட், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே லொக் விட்டு முன்னுக்குப் பாய்ந்து, அப்பாவின் இரண்டு முழங்காலும் டாஷ்போர்டில் அடிபட்டுவிட்டன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லட், மூன்று கதவு. முன்னுக்கு இரண்டு, பின்னால் டிக்கிக் கதவு. பின் சீட்டில் இருப்பவர்களுக்கென்று கதவு கிடையாது. முன் சீட்டின் தோள்பக்கம் ஒரு லீவர் இருக்கிறது. அதை இழுத்தால் சீட்டின் முதுகு முன்னே மடியும், கூடவே முழுச் சீட்டும் அடியிலுள்ள தண்டவாளம் மாதிரியான ரெயிலில் முன்னுக்கு ஓடும். அந்த இடைவெளியால்தான் ஏறி இறங்க வேண்டும். இவ்வளவு பழைய காரை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, எங்களைப் போன்றவர்கள் வாங்குகிற கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இப்போது வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் வாங்கும் எண்ணமே போய்விடுகிறது. இருப்பதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தி ஓட்டுகிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போயிருந்தோம். அப்பாவுக்குக் காலை மடக்கி இருக்க முடியாது, அதனால் அவர் முன்னுக்கு. அம்மாவும் என் மகனும் பின்னுக்கு. அப்பா இறங்கிய பிறகு லீவரை இழுத்தேன். கையோடு வந்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. கயிறு அறுந்த வாளி மாதிரி. கடைசியில் அம்மாவைச் சாரதிப் பக்கத்தால் இறக்க வேண்டியதாயிற்று. காலி வீதியில் பஸ்கள் உரசிக்கொண்டு போகிற பக்கம் அது. அம்மாவுக்கு 71 வயது. அன்றைக்கே முடிவு செய்தேன், இதை இனி ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்று. தீயோ விபத்தோ என்றால் அந்த லீவர்தானே பின்னால் இருப்பவர்களுக்குக் கதவு?

தெரிந்த ஒருவர் சொல்லி ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, அது நான் கொடுக்கப்போகும் முறைப்பாட்டில் இருக்கிறது. அங்கே இருந்த பாஸ் (திருத்தும் மெக்கானிக்) லீவரை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். குனிந்து அடியில் பார்க்கவில்லை, டோர்ச் கூட எடுக்கவில்லை. "மிஸ், இது கேபிள் மட்டுமில்ல, உள்ளுக்குள்ள லொக் எல்லாம் தேஞ்சு போயிருக்கு. தனியா பாட்ஸ் வராது. சீட்டோட மாத்துறதுதான் சரி" என்றார். வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் ஜப்பான் ரீகண்டிஷன் (பாவித்த) சீட் ஒன்று எடுக்கலாம், ரெயிலோடு 38,000, வேலைக்கூலி 10,000. நான் தயங்கியதும், "அம்மா அப்பா போற வாகனம்தானே, யோசிக்காதீங்க" என்றார். என்னை மடக்கியது அந்த ஒரு வார்த்தைதான். சரி என்றேன்.

நாலு நாள் வைத்திருந்தார்கள். எடுக்கப் போனபோது சீட்டில் எங்கள் பழைய உறையே இருந்தது. "உங்கட உறை நல்லா இருக்கு, அதையே கழட்டிப் போட்டுட்டோம்" என்றார்கள். லீவரை இழுத்தேன், சீட் மடிந்தது, ஓடியது. சந்தோஷமாக இருந்தது. பழைய சீட் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பில் கேட்டேன். ஒரு துண்டில் 'சீட் வேலை 48,000' என்று எழுதித் தந்தார்கள். கடையின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை.

ஆறு நாள் கழித்து வெள்ளவத்தையில், சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஓட்டோ குறுக்கே வெட்டியது. பிரேக் பிடித்தேன். அவ்வளவு கடுமையாகவும் பிடிக்கவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம், அப்பா சீட்டோடு முன்னுக்குப் போனார். பெல்ட் போட்டிருந்தார். ஆனால் சீட்டே நகர்ந்தால் பெல்ட்டால் என்ன செய்ய முடியும்? எலும்பு முறியவில்லை, அது கடவுள் செயல். வீக்கம் வற்ற இரண்டு கிழமை எடுத்தது.

அடுத்த நாளே கராஜுக்குப் போனேன். அதே பாஸ், அதே முகம், ஆனால் பேச்சு வேறு. "பழைய வாகனம் மிஸ், அடியில ரெயில் பிடிக்கிற இடம் சரியில்ல. இன்னும் 15,000 தந்தா அதையும் செஞ்சு தாறம்." ரெயிலோடு சேர்த்துத்தானே 38,000 என்றீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. அந்தத் துண்டைக் காட்டினேன், "இது எங்கட பில் இல்லையே" என்றார்கள்.

அப்புறம் கொட்டாஞ்சேனையில் குஷன் வேலை செய்யும் ஒரு வயதான பாஸிடம் சித்தப்பா கூட்டிக்கொண்டு போனார். அவர் முதலில் சொன்னது: "கழட்டிப் பார்க்காம நான் ஒண்டும் சொல்ல மாட்டன்." 14 நம்பர் சாவியால் நாலு போல்ட். இருபது நிமிடம் கூட ஆகவில்லை, சீட் வெளியே வந்து தலைகீழாகக் கிடந்தது. அப்பா நொண்டி நொண்டி வந்து குனிந்து பார்த்தார். முன் ரெயிலின் கால் ஒன்றில் சின்னத் தகடு ஒன்று ஒட்டு வைத்திருந்தது. "பிள்ளை, இது நான் 2011இல வெல்ட் வைப்பிச்ச துண்டு. இது எங்கட சீட்" என்றார்.

எங்கள் சீட்டையே எங்களுக்கு 38,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

அதைவிட மோசம் அவர்கள் செய்திருந்த வேலை. லீவரிலிருந்து லொக்குக்குப் போகும் கேபிளின் உட்கம்பி, நுனியில் இழை இழையாகப் பிரிந்து அறுந்திருக்கிறது. வந்த பழுது அவ்வளவுதான். அவர்கள் பிரிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் கம்பியை இழுத்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பி கட்டையாகிவிட்டதால் அது எந்நேரமும் லொக்கைக் கொஞ்சம் தூக்கியபடியே இருந்தது. லொக்கின் பல் ரெயிலின் துளைக்குள் முழுதாக விழவில்லை, விளிம்பில் தொட்டுக்கொண்டு நின்றது. இந்த வகைச் சீட்டில் முன்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கும் உண்டு. பிரேக் பிடித்ததும் என்ன நடந்திருக்கும் என்று பாஸ் கையால் அழுத்திக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு கலங்கியது. லீவர் வேலை செய்யாத சீட்டில் அம்மா சிரமப்பட்டார். இவர்கள் திருத்திய சீட்டில் அப்பா செத்திருக்கலாம்.

கொட்டாஞ்சேனை பாஸ் சைக்கிள் பிரேக்குக்குப் போடும் உட்கம்பி ஒன்றை வாங்கிவரச் சொன்னார். பழைய வெளிக்குழாய் நன்றாக இருந்தது, அதற்குள்ளேயே புதுக் கம்பியைக் கோத்து, நுனிக்குத் திருகாணி வைத்த குமிழ் போட்டு, லீவர் சும்மா இருக்கும்போது கம்பியில் சிறிது தளர்வு இருக்கிற மாதிரி நீளம் பார்த்து இறுக்கினார். ரெயிலில் கறுத்துக் கட்டியாய்ப் போன கிரீஸ், மணல், இரண்டு பத்து ரூபாய்க் குற்றி எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் பூசினார். எல்லாமாக 3,500 ரூபாய். லொக்கின் பற்களைக் காட்டி, "பாருங்கோ, தேய்மானமே இல்ல. இன்னும் கனகாலம் போகும்" என்றார்.

அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். லீவர் தொளதொளவென்று வந்தால் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது அதன் வெளிக்குழாய் பிடியிலிருந்து கழன்றிருக்கும். கழன்றது என்றால் திரும்ப மாட்டிவிட்டாலே போதும். லீவர் இறுகி நின்றால் ரெயிலில் துருவோ குப்பையோ பார்க்க வேண்டும். போன் டோர்ச்சைச் சீட்டுக்கு அடியில் பிடித்தாலே பாதி தெரிந்துவிடும், கராஜுக்குப் போகுமுன் அதைச் செய்யுங்கள். அப்படியே அடிப்பக்கத்தையும் ரெயிலையும் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் ஒரு படம் இருந்திருந்தால் அந்தக் கராஜ் வாசலிலேயே பேசியிருப்பேன். எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கையில் தரச் சொல்லுங்கள், அது துருப்பிடித்த முழுச் சீட்டாக இருந்தாலும். ஒரு கவனம்: கொஞ்சம் புதிய கார்களில் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு இருந்தால் அது எயார்பேக் சம்பந்தப்பட்டது, அதை நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

வேலை முடிந்து எடுக்கும்போது லீவர் இழுபடுகிறதா என்று மட்டும் நான் பார்த்தேன். அது பிழை. சீட்டைத் திரும்ப வைத்ததும் 'டக்' என்று லொக் விழும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு லீவரைத் தொடாமல், ஆள் ஒருவர் சீட்டில் இருந்து காலை ஊன்றி முன்னும் பின்னும் உந்த வேண்டும். ஒரு பக்கம் அசைந்தாலும் காரை எடுக்காதீர்கள்.

பில் விஷயம்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நாம் கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது அவர்கள் கடமை. சேவை பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

என் கடிதம் எழுதி முடிந்துவிட்டது. வைத்தியரின் துண்டு, அந்த 48,000 ரூபாய்த் துண்டு, அப்பாவின் வெல்ட் தெரிகிற படம், கட்டுக்கம்பி முறுக்கிய அந்தப் பழைய கேபிள் எல்லாம் ஒரு பைக்குள் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை வொக்ஸ்ஹால் வீதியில் இருக்கும் அதிகார சபைக்குக் கொண்டுபோகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.