புளூட்டோ எஸ்டிஆர்: அனுப்ப அருமையான பெட்டி, ஆனால் ஃப்ரீக்வென்சியை அதனிடமே கேட்காதீர்கள்

அடால்ம்-புளூட்டோ என்ற எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சிக்னலைக் கேட்க மட்டுமா, அனுப்பவுமா? கேட்க மட்டும் என்றால் இதைவிட மலிவான யுஎஸ்பி டாங்கிளே போதும். அனுப்பவும் வேண்டும் என்றால், கையடக்க எஸ்டிஆர்களில் என் முதல் தேர்வு இதுதான்.

அனலாக் டிவைசஸ் நிறுவனம் மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்த சின்ன நீலப் பெட்டி. உள்ளே ஏடி9363 சிப், 12 பிட். கூடவே இரண்டு குட்டி ஆண்டெனா, 15 செ.மீ. கேபிள் ஒன்று. ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற இன்னொரு எஸ்டிஆர் 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும்தான், ஆனால் அது 8 பிட், அனுப்பும்போது கேட்காது. புளூட்டோ இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். இந்தக் கடைசி வசதிதான் என்னை இதன் பக்கம் இழுத்தது. புதிதாக வாங்குபவர்களைக் குழப்புவதும் அதுவேதான், அதற்கு வருகிறேன்.

முதலில் எல்லை. அதிகாரபூர்வமாக 325 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரை. மென்பொருளில் 145 என்று அடித்தால் சிப்பை இயக்கும் டிரைவர் அதை ஏற்காது, முன்பிருந்த எண்ணிலேயே நிற்கும். மேலே ஓடும் மென்பொருள் அந்த மறுப்பைக் கண்டுகொள்ளாவிட்டால் திரையில் மட்டும் 145 ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அதனால் எதையாவது நோண்டுவதற்கு முன் ஐஐஓ ஆஸிலோஸ்கோப் என்ற மென்பொருளைத் திறந்து டிஎக்ஸ் எல்ஓ (அனுப்பும் பக்கத்தின் ஃப்ரீக்வென்சியை உருவாக்கும் உள் ஆஸிலேட்டர்) என்ன என்று படித்துப் பாருங்கள். சிப்பை அதன் உறவுக்கார சிப்பான ஏடி9364 என்று அறிவிக்கும் அமைப்பு மாற்றம் ஒன்று உண்டு, அதைச் செய்தால் 70 முதல் 6000 வரை திறக்கும். பலரும் செய்கிறார்கள். நீட்டிய பகுதியில் தரத்துக்கு உத்தரவாதம் கிடையாது, அவ்வளவுதான்.

டிஎக்ஸ் எல்ஓவும் நீங்கள் கொடுத்த எண்ணும் கொஞ்சம் வேறுபட்டால் உடனே பதற வேண்டாம். நடுவில் கசியும் கேரியரிலிருந்து சிக்னலைத் தள்ளி வைக்க, சில மென்பொருள்கள் எல்ஓவை வேண்டுமென்றே நகர்த்தி, மீதியை டிஜிட்டலாகச் சரிக்கட்டும்.

இப்போது அந்தக் குழப்பம். டிஎக்ஸையும் (அனுப்பும் வாசல்) ஆர்எக்ஸையும் (கேட்கும் வாசல்) கூட வந்த கேபிளால் இணைத்து, 434.000இல் அனுப்பி, 434.000இல் கேட்கிறீர்கள். ஒரு ஹெர்ட்ஸ் கூடப் பிசகாமல் நடுவில் வந்து நிற்கும். அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஒரே 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடுகின்றன. அனுப்பும்போது வந்த பிழை கேட்கும்போது அப்படியே கழிந்துபோகிறது. அந்தக் கிரிஸ்டலுக்குச் சொல்லப்பட்ட துல்லியம் ±25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு). 434இல் அது கிட்டத்தட்ட 11 கிலோஹெர்ட்ஸ், 2400இல் 60 கிலோஹெர்ட்ஸ். 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ள எஃப்எம் சேனலில் பேச நினைத்தால், அடுத்த சேனல்காரர்தான் பதில் சொல்வார்.

எனவே வேறொரு ரிசீவர் கட்டாயம் வேண்டும். 1 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலைக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும் கிரிஸ்டல்) உள்ள ஆர்டிஎல் டாங்கிள், அதாவது முதலில் சொன்ன மலிவான யுஎஸ்பி டாங்கிள், தாராளம். 30 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) போட்டுக் கேபிளிலேயே சோதியுங்கள். உரிமம் இல்லாமல் ஆண்டெனாவில் விடாதீர்கள், உரிமம் இருந்தாலும் சோதனை சிக்னலுக்குக் காற்று தேவையில்லை. நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இது: ஐஐஓ ஆஸிலோஸ்கோப்பில் ஒற்றை டோன், +100 கிலோஹெர்ட்ஸ். டாங்கிள் திரையில் மூன்று கோடுகள் தெரியும். நடுவில் இருப்பது எல்ஓ கசிவு. ஒரு பக்கம் உயரமாக உங்கள் டோன், மறுபக்கம் அதன் மங்கலான பிம்பம். உயரமான கோடு இடப்பக்கம், அதாவது குறைந்த ஃப்ரீக்வென்சியில் இருந்தால், சங்கிலியில் எங்கோ ஐயும் க்யூவும் (சிக்னலைச் சுமக்கும் இரண்டு பாதிகள்) இடம் மாறியிருக்கின்றன. எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) பேச்சு யுஎஸ்பியாக (மேல் பக்கப்பட்டை, கேபிள் யுஎஸ்பி அல்ல) கேட்பதற்கு இதுதான் காரணம். கூட்டமாக மூன்றுமே நகர்ந்திருந்தால் கிரிஸ்டல். டோன் மட்டும் தவறான தூரத்தில் இருந்தால் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள்.

கிரிஸ்டல் பிழையைத் திருத்துவது இதில் இவ்வளவு சுலபம் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டியைச் செருகினால் பென்டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் தெரியும், அதில் ஒரு கன்ஃபிக் கோப்பு. 2400 மெகாஹெர்ட்ஸில் அனுப்பச் சொல்லி, சிக்னல் 24 கிலோஹெர்ட்ஸ் மேலே வந்தால் பிழை 10 பிபிஎம். எக்ஸ்ஓ கரெக்‌ஷன் என்ற வரியில் 40000400 என்று எழுதி, சேமித்து, டிரைவை இஜெக்ட் செய்தால் முடிந்தது. விளக்கு வேகமாகச் சிமிட்டும்போது மட்டும் கேபிளைப் பிடுங்கக் கூடாது. பெட்டி சூடான பிறகு அளந்து எழுதுங்கள், குளிர்ந்த நிலையில் எடுத்த எண் நிற்காது. இதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் ரெவ் சி பதிப்புப் பலகையில் வெளி கிளாக் கொடுக்க இடம் இருக்கிறது, மூடியைத் திறக்க வேண்டும்.

குறைகளா? டிஎக்ஸ் வாசலில் ஃபில்டர் இல்லை. 434இல் அனுப்பினால் அதன் மூன்று மடங்கான 1302இல் மூன்றாம் ஹார்மோனிக் பலமாகவே வரும். ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஃபில்டர் வாங்குங்கள். சிப் 61.44 மில்லியன் சாம்பிள் தரும், ஆனால் யுஎஸ்பி 2.0 வழியாக அதன் சிறு பங்குதான் தொடர்ச்சியாகக் கணினிக்குப் போகும். ஹெச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, சிற்றலை) ஆட்களுக்கு இது ஆகவே ஆகாது.

கியூஓ-100 என்ற அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளில் பேச 2400 மெகாஹெர்ட்ஸ் அப்லிங்க் தேடுகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். அங்கே டவுன்லிங்க் எல்என்பி (டிஷ்ஷில் இருக்கும், ஃப்ரீக்வென்சியைக் குறைத்துத் தரும் பெட்டி) வழியாக வேறு ஃப்ரீக்வென்சியில் வருவதால் கிரிஸ்டல் பிழை முழுதாகக் கழியாது, எல்என்பியின் நகர்வும் சேரும். எக்ஸ்ஓவை முதலில் திருத்திவிட்டு, அப்புறம் செயற்கைக்கோளின் பீக்கனை (நிலையான அடையாள சிக்னல்) வைத்து எல்என்பியைச் சரிசெய்யுங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, டிஸ்ப்ளே மட்டும் அழகாக இருக்கும்.