கண்காட்சி முடிந்து ஐரோப்பாவில் கூடுதலாகத் தங்கப் போகிறவர்களுக்கு: ஏஜென்ட் தரும் ஹோட்டல் வவுச்சரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்

அடுத்த இட்மா ஜவுளி எந்திரக் கண்காட்சி 2027 செப்டம்பரில் ஹனோவரில் நடக்கிறது. திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் குரூப் டூர் கூட்டிப் போகிறவர்கள் இப்போதே வாட்ஸ்அப்பில் ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "அப்படியே யூரோப்பும் பார்த்துட்டு வந்துரலாமுங்ணா" என்ற வரியும் கூடவே வருகிறது. 2023 ஜூனில் மிலன் இட்மாவுக்கு எங்களைக் கூட்டிப்போன ஏஜென்ட்டிடமிருந்து எனக்கும் அந்தச் செய்தி வந்தது. அதைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கூடுதல் நாள் தங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாகத் தங்குங்கள். விமானச் செலவு எப்படியும் ஆகிவிட்டது, விசாவுக்கு அலைந்த அலைச்சலும் ஆகிவிட்டது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது. வேலை முடிந்த மனசோடு, அவசரமில்லாமல் ஒரு ஊரில் நடப்பது பெரிய சுகம். அதிலும் நம் தொழிலில் இருப்பவர்கள் இத்தாலி வரை போய்விட்டு ஃபிளாரன்ஸைப் பார்க்காமல் வரக்கூடாது. அந்த ஊர் கம்பளித் துணியால் வளர்ந்த ஊர். பெரிய குவிமாடத்தோடு நிற்கிற அந்தக் கதீட்ரலைக் கட்டும் பொறுப்பு 1331-லிருந்து கம்பளித் தொழில் சங்கத்தின் கையில்தான் இருந்தது. கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி குவிமாடத்தை முடித்தது 1436-ல். துணி வியாபாரிகள் சேர்ந்து நடத்திய வேலை அது. பனியன் தொழிலில் இருக்கிற எனக்கு அதன் கீழே போய் நிற்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ஏஜென்ட் செய்தது இதுதான். கண்காட்சி நாட்களுக்கு விமானம், மிலனில் ஹோட்டல், கண்காட்சி நடக்கிற ரோ மைதானத்துக்குப் பஸ் எல்லாம் குரூப் கணக்கு. அதில் ஒரு குறையும் இல்லை. முப்பது நாற்பது பேர் ஒரே ஹோட்டலில் இருக்கும்போது யாரும் தப்புப் பண்ண மாட்டார்கள். அதற்கப்புறம் நானும் என் மனைவியும் மட்டும் ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று சுற்றிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். மனைவி கண்காட்சியின் கடைசி நாளில் மிலனின் மல்பென்சா விமான நிலையத்தில் தனியாக வந்து இறங்கி என்னோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. "வேற யார்கிட்டயும் போகாதீங்கண்ணா, நம்ம குரூப்போட சேர்த்துப் போட்டாத்தான் ரேட்டு கிடைக்கும்" என்று ஏஜென்ட் சொன்னார். முழுப் பணமும் ஏப்ரலிலேயே வாங்கிக்கொண்டார். பாதி கம்பெனிக் கணக்குக்கு, பாதி அவருடைய சொந்த யுபிஐ எண்ணுக்கு. கையில் வவுச்சர்கள் கொடுத்தார். ஹோட்டல் பெயர், முகவரி, புக்கிங் எண், எங்கள் இரண்டு பேர் பெயர், தேதி என்று எல்லாம் சரியாக இருந்தன. விசா மையத்தில் கொடுத்த ஆவணங்களிலும் அதே தாள்கள்தான்.

முதல் உறுத்தல் மிலனிலேயே வந்தது. கண்காட்சி முடிந்த மறுநாள் காலை டாவின்சியின் கடைசி இராவுணவு ஓவியம் பார்ப்பதாகத் திட்டத்தில் இருந்தது, அதற்கும் பணம் வாங்கியிருந்தார். டிரைவர் எங்களைச் சான்டா மரியா டெல்லே கிராட்சியே தேவாலயத்தின் வாசலில் இறக்கிவிட்டு, அரை மணியில் வருகிறேன் என்றார். தேவாலயத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், காசு கிடையாது. ஓவியம் இருப்பது பக்கத்தில், பழைய மடத்தின் உணவுக்கூடத்தில். அதற்குத் தனி வாசல், தனி டிக்கெட். சின்னக் கூட்டமாக, பதினைந்து பதினைந்து நிமிடமாகத்தான் உள்ளே விடுகிறார்கள், கோடையில் வாரக்கணக்கில் முன்னாலேயே விற்றுத் தீர்ந்துவிடும். எங்கள் பெயரில் அங்கே எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் மிலன் சென்ட்ராலேயில் ரயில் ஏறினோம். அதிவேக ரயில், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிளாரன்ஸின் சான்டா மரியா நோவெல்லா ஸ்டேஷன். ஹோட்டல் அங்கிருந்து நடக்கிற தூரம், சான் லொரென்சோ சந்தைப் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. தெருவில் பித்தளைப் பலகையில் வரிசையாகப் பொத்தான்கள், எதை அழுத்துவது என்று பார்த்து அழுத்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். வரவேற்பில் இருந்த பெண் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக் கணினியில் தட்டினார். மறுபடியும் தட்டினார். அப்புறம் வவுச்சரைக் கேட்டு வாங்கி, அதில் இருந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் பெயர் இருந்தது, தேதி இருந்தது. ஏப்ரலில் போட்டிருக்கிறார்கள். மே மாதம், எங்கள் பாஸ்போர்ட் விசாவோடு திரும்பி வந்த அதே வாரம், ரத்து செய்திருக்கிறார்கள். செலுத்திய தொகை என்ற இடத்தில் பூஜ்யம்.

"ஏங்க, அப்ப நம்ம பணம்?" என்று என் மனைவி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஏஜென்ட்டுக்கு அடித்தேன். அங்கே இரவு எட்டு, நம் ஊரில் பதினொன்றரை. எடுக்கவில்லை. அந்தப் பெண் எங்களுக்காக வேறு ஹோட்டல்களுக்குப் போன் போட்டார். ஜூன் மாதம், எங்கேயும் அறை இல்லை. ரொம்ப நேரம் கழித்து ரிஃப்ரெடி ஸ்டேஷன் பக்கம் ஓர் அறை கிடைத்தது. ஊருக்கு வெளியே, சாதாரண அறை, ஓர் இரவுக்கு 200 யூரோவைத் தாண்டி. கிளம்பும்போது அந்தப் பெண் தானாகவே ரத்து விவரத்தை அச்செடுத்து, ஹோட்டல் முத்திரை வைத்துக் கொடுத்தார். "இது உங்களுக்குத் தேவைப்படும்" என்றார். அந்த ஒரு தாள்தான் இன்றைக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற பெரிய ஆதாரம். அந்தப் பெண்ணை நாங்கள் மறக்க மாட்டோம்.

மறுநாள் ஏஜென்ட் போனை எடுத்து, "ஹோட்டல்காரன் ஏமாத்திட்டானுங்ணா" என்றார். ரத்து செய்தது புக்கிங் போட்டவர்தான் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம், "ஆபீஸ் பையன் தெரியாம பண்ணிட்டான்" என்றார்.

இது தெரியாமல் நடக்கிற காரியம் இல்லை. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறோம் என்று காட்ட வேண்டும். இணையத்தில் 'இலவச ரத்து, ஹோட்டலில் பணம்' என்ற வகையில் பைசா கொடுக்காமல் அறை போடலாம். அதை விசாவுக்குக் காட்டிவிட்டு, விசா கிடைத்ததும் ரத்து செய்வது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். டம்மி புக்கிங் என்று அவர்களே சொல்வார்கள். எங்கள் ஏஜென்ட் அதே டம்மி தாளைக் காட்டி எங்களிடம் முழுப் பணமும் வாங்கியிருக்கிறார். கிளம்புவதற்குள் விலை குறைந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம். கோடையில் ஃபிளாரன்ஸில் விலை குறையாது.

இதில் என்னால் மன்னிக்க முடியாத விஷயம் பணம் இல்லை. என் மனைவி அந்தத் தாளோடு மல்பென்சாவில் தனியாக வந்து இறங்கினார். எங்கே தங்குகிறீர்கள் என்று எல்லையில் கேட்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு. அவர் அந்த ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டிருந்தால், பொய்யான தாளோடு வந்தவராக என் மனைவி நின்றிருப்பார். திருப்பி அனுப்பியிருக்கவும் முடியும். மனைவிக்கு ஆங்கிலமும் அவ்வளவாக வராது. அதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

ரிஃப்ரெடி அறையில் அன்று இரவே வெனிஸ் ஹோட்டலுக்கு மெயில் போட்டேன். காலையில் பதில் வந்தது. புக்கிங் உயிரோடு இருக்கிறது, ஆனால் பணம் வரவில்லை, வந்து கட்டுங்கள். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. ஏஜென்ட் வெனிஸ் என்று எழுதியிருந்த ஹோட்டல் இருப்பது மெஸ்த்ரேயில். கடலுக்கு இந்தப் பக்கம், நிலத்தில் இருக்கிற ஊர். வெனிஸ் தீவுக்குப் பாலம் தாண்டிப் போகிற ரயிலில் பத்து நிமிடம்தான், தங்குவதில் தப்பில்லை, வாடகையும் குறைவு. ஆனால் தீவுக்குள் தங்குகிற விலையை எங்களிடம் வாங்கியிருந்தார். வேறு வழியில்லாமல் இரண்டாம் முறையாகக் கட்டினோம்.

நாங்கள் இழந்ததில் எனக்கு அதிகம் வலிப்பது ஒன்று இருக்கிறது. ஃபிளாரன்ஸில் சான் ஃபிரெதியானோ பக்கம் அந்திக்கோ செத்திஃபீச்சியோ ஃபியொரென்தினோ என்று ஒரு பட்டு நெசவாலை இருக்கிறது. 1786-லிருந்து நடக்கிறது. இன்றும் கைத்தறி ஓடுகிறது. டாவின்சியின் வரைபடத்தை வைத்துச் செய்ததாகச் சொல்கிற, செங்குத்தாக நிற்கிற, பாவு (தறிக்கு நீளவாக்கில் போடும் நூல்) ஓட்டும் எந்திரம் அங்கே இருக்கிறது. முன்கூட்டி நேரம் வாங்கித்தான் பார்க்கலாம். ஊரிலிருந்தே எழுதி, ஃபிளாரன்ஸ் போய்ச் சேர்கிற மறுநாள் காலைக்கு நேரம் வாங்கி வைத்திருந்தேன். அந்தக் காலை முழுக்க ஏஜென்ட்டோடும் அடுத்த ஊர் ஹோட்டலோடும் போனில் போனது. கதீட்ரலைப் பார்த்தோம், அர்னோ ஆற்றங்கரையில் நடந்தோம். நெசவாலையைப் பார்க்காமலேயே ரயில் ஏறினோம்.

ஊர் திரும்பிய பிறகு பணம் கேட்டால், "அடுத்த டிரிப்புல கழிச்சுக்கலாமுங்ணா" என்பதே பதில். அந்த நிதியாண்டுக்கு வருமான வரிக் கணக்குப் போடும்போது ஆடிட்டர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அப்போது 5 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டுகிற வருமான வரி) பிடிக்க வேண்டும். ஏஜென்ட் எங்களிடம் பிடித்திருந்தார், பில்லிலும் தனியாகக் காட்டியிருந்தார். அந்தத் தொகை நம் பான் எண்ணில் கட்டப்பட்டால் நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டுகிற படிவம் 26ஏஎஸ்-ல் வரும், நாம் வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். எங்கள் 26ஏஎஸ்-ல் ஒரு ரூபாய்கூட இல்லை. விகிதம் பிறகு மாறியிருக்கிறது. போய்விட்டு வந்தவர்கள் உங்கள் 26ஏஎஸ்-ஐ ஒரு தடவை திறந்து பாருங்கள். எங்கள் குரூப்பில் மற்றவர்களிடம் சொன்னபோது, இன்னும் சிலருக்கும் அது வராமல் இருந்தது தெரிந்தது.

கிளம்பப் போகிறவர்கள் ஒரு வேலையை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். விசா கைக்கு வந்த பிறகு ஒரு முறை, விமானம் ஏறுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஒரு முறை, ஒவ்வொரு ஹோட்டலுக்கும் நீங்களே நேராக மெயில் போடுங்கள். ஏஜென்ட் கொடுத்த மெயில் முகவரி வேண்டாம், ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் இருப்பதை எடுங்கள். என் பெயரில், இந்தத் தேதிக்கு அறை இருக்கிறதா, பணம் வந்துவிட்டதா என்று இரண்டே கேள்வி. விசாவுக்கு முன்னால் கேட்டு ஆமாம் என்று வந்த பதிலை வைத்துக்கொண்டு திருப்தியாகிவிடக் கூடாது, எங்கள் புக்கிங்கும் ஏப்ரலில் இருக்கத்தான் செய்தது. இன்சூரன்ஸ் பாலிசியையும் இதேபோல் கம்பெனியிடமே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். குறைந்தது 30,000 யூரோ காப்பீடு, திரும்பி வருகிற நாள் வரை இருக்க வேண்டும். விசா ஸ்டிக்கரில் எத்தனை நாள் தங்கலாம் என்ற எண்ணையும் பாருங்கள். முதல் தேதியும் கடைசித் தேதியும் தாராளமாக இருந்தாலும் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் வருகையும் புறப்பாடும் கணினியில் பதிவாகத் தொடங்கிவிட்டது, ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

அப்புறம், கூடுதல் நாட்களுக்கான பில்லைத் தனியாக, உங்கள் சொந்தப் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு வாங்குங்கள். கம்பெனிச் செலவோடு சேர்த்து ஒரே பில்லாகப் போட்டுத் தருகிறேன் என்று ஆசை காட்டுவார்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு பொதுவாகக் கிடைப்பதில்லை. எங்கள் ஊர் சுற்றும் செலவு என் பெயரில் தனி பில்லாக இருந்ததால்தான் வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதல் கட்டமாக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் சொல்லலாம். நாங்கள் சொன்னோம், அதற்கப்புறம்தான் ஏஜென்ட் கொஞ்சம் பணத்தைத் திருப்பினார், வெனிஸ் தொகையை மட்டும். மீதிக்கும் டிசிஎஸ்ஸுக்கும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பெயரை இங்கே எழுதவில்லை. ஹனோவருக்கு உங்களிடம் முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் போன தடவை அவரோடு போனவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள். குரூப்போடு திரும்பி வந்தவர்களைக் கேட்டால் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். தனியாகத் தங்கிவிட்டு வந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.