உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் ஒரே நேரத்தில் புற்றுநோய்: எந்த வழி யாருக்கு?

உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவையில், நோயுற்ற குழாயை நீக்கிவிட்டு, இரைப்பையையே குறுகிய குழலாகத் தைத்து, நெஞ்சுக்கோ கழுத்துக்கோ மேலே இழுத்து இணைப்பதுதான் வழக்கம். அந்த இரைப்பையிலேயே வேறொரு புற்றுநோய் இருந்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பரவவில்லை என்பதைத் திசுப் பரிசோதனை உறுதிசெய்த பிறகு, பொதுவாக மூன்று வழிகள் பரிசீலனைக்கு வரும்.

இரைப்பைக் கட்டி சளிச்சவ்வைத் தாண்டாத தொடக்க நிலையில் இருந்தால், ஜப்பானில் உருவான ஈ.எஸ்.டி. (எண்டோஸ்கோபிக் சப்மியூகோசல் டிசெக்‌ஷன்) முறையில், வாய் வழியே செலுத்தும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப் வழியாகவே அதை ஒரே துண்டாகப் பெயர்த்தெடுத்து, இரைப்பையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எடுத்த துண்டின் ஓரங்களிலும் இரத்தக் குழாய்களிலும் புற்றணுக்கள் இல்லை என்று நோயியல் அறிக்கை வந்த பிறகே உணவுக்குழாயில் கைவைப்பது நல்லது. அறிக்கை பாதகமாக இருந்தால் திட்டத்தை மாற்ற அப்போதுதான் இடமிருக்கும். கட்டி இரைப்பையின் சிறு வளைவில் (வலப்பக்கத்துக் குட்டையான உள்விளிம்பில்), மேற்புறமாக இருந்தால் இன்னும் வசதி, ஏனெனில் குழல் அமைக்கும்போது அந்தப் பகுதி பெரும்பாலும் வெட்டி நீக்கப்பட்டுவிடும். தகுதியுள்ளவர்களுக்கு இதுவே முதல் தேர்வு என்பது என் கருத்து. ஆனால் எஞ்சிய இரைப்பையில் புதிய கட்டி முளைக்கக்கூடும் என்பதால் எண்டோஸ்கோபிக் கண்காணிப்பை விட முடியாது.

கட்டி ஆழமாக ஊடுருவியிருந்தால் இரைப்பையையும் எடுத்துவிட்டு, பெருங்குடலின் ஒரு பகுதியை அதன் இரத்த ஓட்டத்தோடு மேலே இழுத்துப் பொருத்துவார்கள். நோயை முழுமையாக அகற்றும் வாய்ப்பு இதில் உண்டு. ஆனால் மேலே உணவுக்குழாயோடு, கீழே சிறுகுடலோடு, நடுவில் வெட்டிய பெருங்குடலின் இரு முனைகளுக்கிடையே எனப் பல இணைப்புகள், ஒவ்வொன்றும் கசியக்கூடியது. எடை குறைந்து தளர்ந்தவர்கள் இதைத் தாங்குவது கடினம். கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் பரிசோதனை) செய்யாமல் இந்த அறுவைக்குள் இறங்கவே கூடாது. மாற்றாக வைக்கும் குடலிலும் கட்டி இருந்தால் என்ன செய்வது?

மூன்றாவது வழி, உணவுக்குழாய்க்குக் கீமோதெரபியும் சுமார் 50 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்து, இரைப்பைக்கு மட்டும் அறுவை செய்வது. உணவுக்குழாயின் உட்புறத் தட்டை அணுக்களில் தோன்றும் செதிள் செல் வகைக்கு இது ஓரளவு நம்பத்தக்கது, சுரப்பி அணுக்களில் தோன்றும் அடினோகார்சினோமாவுக்கு அவ்வளவு இல்லை. பின்னாளில் உணவுக்குழாயில் நோய் திரும்பினால், குழலாக்க இரைப்பை கிடைக்காது: அந்தக் குழலுக்கு உயிர் கொடுக்கும் வலப்பக்கத் தமனி இரைப்பை அறுவையிலேயே பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கும். பொதுவாக வேகமாகக் கொல்லும் உணவுக்குழாய் நோய்க்கே முன்னுரிமை என்றாலும், இரைப்பைக் கட்டி இரத்தம் கசிந்தாலோ உணவுப்பாதையை அடைத்தாலோ அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.