மூன்று ரேடியோவுக்கு ஒரே ஆன்டெனா: கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் தேறுமா?

பர்மா பஜாரிலும், தண்டையார்பேட்டைப் பக்கம் கேபிள்காரர்கள் சாமான் வாங்கும் கடைகளிலும் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் சாதாரண த்ரீ-வே ஸ்ப்ளிட்டர்தான் இது, ஒரு வயரில் வரும் சிக்னலை மூன்றாகப் பிரிக்கும் பெட்டி. பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. நிக்கல் பூசிய சின்ன வார்ப்புப் பெட்டி, நான்கு எஃப் கனெக்டர் (கேபிள் டிவி வயரைத் திருகும் வாய்), மேலே ‘5–1000 மெகாஹெர்ட்ஸ்’ என்று அச்சு. ஒரு பிரியாணி விலைகூட வராது. டிவிக்காகச் செய்த பெட்டி. மொட்டை மாடியில் பல அலைவரிசைகளையும் பிடிக்கும் டிஸ்கோன் ஆன்டெனா ஒன்றிலிருந்து எஃப்எம் ட்யூனர், 145 மெகாஹெர்ட்ஸில் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்) பேச்சு கேட்கும் ஸ்கேனர், கப்பல்கள் தங்கள் இடத்தைச் சொல்லும் ஏஐஎஸ் சிக்னலைப் பிடிக்கும் எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவர்) ஆகிய மூன்றுக்கும் இது போதுமா? போதும். ஆனால் வாங்கியதும் திருகி மாட்டிவிட்டால் பாதிப் பலன்தான் வரும்.

முதலில் பெட்டியின் வாய்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்களைப் படியுங்கள். த்ரீ-வே என்றாலும் பெரும்பாலும் மூன்று வாய்க்கும் சமமாகப் பிரியாது. ஒரு வாயில் 3.5 டெசிபெல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவு) இழப்பு, மற்ற இரண்டிலும் 7 என்று போட்டிருக்கும். உள்ளே ஒரு டூ-வே, அதன் ஒரு கிளையில் இன்னொரு டூ-வே, அவ்வளவுதான் சங்கதி. டிவிக்காரருக்கு இது தொல்லை, நமக்கு வசதி. 3.5 வாயை ஏஐஎஸ் டாங்கிளுக்குக் கொடுங்கள், 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில் தூரத்துக் கப்பல் மெலிதாகத்தான் வரும். எஃப்எம் ட்யூனருக்கு 7 வாய் தாராளம். சென்னைக்குள் 93.5, 98.3, 101.4 எல்லாமே வீட்டுக்குள் கம்பி நீட்டினாலே வரும் நிலையங்கள். 7 டெசிபெல் போனாலும் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு கோடு சொச்சம்தான் இறங்கும்.

இதற்குப் பதிலாக வயர்களை நேரடியாக இணைக்கும் ‘டீ’ கனெக்டர் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். டீயில் ஒரு ரிசீவருக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தடுப்பே கிடையாது. பழைய சூப்பர்ஹெட் எஃப்எம் செட்டை 91.9-இல் வைத்தால் அதற்குள் தானே ஒரு அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் 10.7 கூட்டி 102.6-இல் ஓடும். அதில் கசிவது ஆன்டெனா வாய் வழியாகவே பக்கத்துச் செட்டுக்குப் போய், அங்கே 102.6-ஐ ஒட்டிக் கேட்பவரின் காதில் விழும். ஸ்ப்ளிட்டருக்குள் கம்பி சுற்றியிருக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) கோர்களும், வாய்களுக்கு நடுவே நிற்கும் ரெசிஸ்டரும் சேர்ந்து இந்தக் கசிவைச் சுமார் 20 டெசிபெல், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைக்கும். ஆனால் ஆன்டெனா பக்கம் ஒழுங்காக 75 ஓம் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குத் தெரியும் மின்தடை) இருந்தால்தான் இந்தத் தடுப்பு நிற்கும். ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டால் போயே போச்சு. சும்மா கிடக்கும் வாயிலும் 75 ஓம் டெர்மினேட்டரை (ரெசிஸ்டர் வைத்த மூடி) திருகி வையுங்கள்.

ரேடியோ 50 ஓம், ஸ்ப்ளிட்டர் 75 ஓம் என்று கவலைப்படுபவர்களுக்கு: அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு. எஃப்-இலிருந்து டாங்கிளின் சின்ன எஸ்எம்ஏ வாய்க்கு ஒரு சின்ன வயர் துண்டு போட்டால் போதும். கட்டையான அடாப்டரை டாங்கிளின் வாயிலேயே தொங்கவிட்டால் நாளடைவில் அதன் சால்டர் விட்டுப்போகும்.

மலிவுச் சரக்கில் போலியும் கலந்திருக்கிறது. பின்மூடியைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பாருங்கள். மிளகு அளவு கோர்களில் மயிரிழை மாதிரி எனாமல் கம்பி சுற்றியிருந்தால் நல்ல சரக்கு. நான்கு வாயையும் ஒரு தகட்டால் இணைத்து வைத்திருந்தால் அது பெட்டி போட்ட டீ! இன்னொன்று, கடைக்காரர் ‘டேப்-ஆஃப்’ எடுத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது சிக்னலில் கொஞ்சத்தை மட்டும் கிள்ளிக் கொடுக்கும் வேறு சாமான். அதன் டேப் வாயில் இழப்பு 20 டெசிபெல் வரைக்கும் இருக்கும்.

மாடியில் ஆம்ப்ளிஃபயர் வைத்து, டாங்கிளின் பயாஸ்-டீ (ஆன்டெனா வயரிலேயே கரன்ட் ஏற்றும் வசதி) வழியாக 4.5 வோல்ட் அனுப்புவதாக இருந்தால், முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். வாயின் நடுப்புள்ளிக்கும் பெட்டியின் உடம்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். பல பெட்டிகளில் கோர் சுற்று நேராகத் தரையில் முடிவதால் பூஜ்யம் ஓம் காட்டும்; கரன்ட் கொடுத்தால் ஷார்ட். அப்படியானால் ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் தனி பயாஸ்-டீ போட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் இடம் ஆன்டெனாவுக்குப் பக்கம்தான். ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் வைத்தால், விட்ட 3.5 டெசிபெல் திரும்பி வராது. அதற்கும் முன்னால் எஃப்எம் அலைகளை மட்டும் தடுக்கும் ஒரு நாட்ச் ஃபில்டர் இல்லையென்றால் உள்ளூர் எஃப்எம் நிலையங்கள் ஆம்ப்ளிஃபயரை மூச்சுத் திணற வைக்கும். ஃபில்டர் போட்டபின் எஃப்எம் ட்யூனருக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கம்பி போதும்; இந்த ஸ்ப்ளிட்டரில் ஒரு வாய் மிச்சம்.

ஷார்ட்வேவ் கம்பி ஆன்டெனாவுக்கும் இதே பெட்டியைப் போடலாம். 7 மெகாஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கினாலும் சுத்தமாக வேலை செய்யும். அங்கே ஊர் இரைச்சலே அதிகம் என்பதால், சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து இறங்கும்; காதுக்கு வித்தியாசம் தெரியாது. 5-க்குக் கீழே கோர்கள் திணறும், தடுப்பும் தளரும். 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை நிலையம் அப்போதும் கேட்கும். அது ஸ்ப்ளிட்டரின் பெருமை இல்லை, டிரான்ஸ்மிட்டரின் பலம்.

ஆளை உண்மையில் வெறுக்க வைப்பது இழப்பு இல்லை, சார்ஜர். ஸ்ப்ளிட்டரின் உடம்பு மூன்று ரிசீவரின் தரையையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஒரு மூலையில் லேப்டாப் சார்ஜர் போட்டதும் மூன்று செட்டிலும் ‘கொர்ர்’ என்று கிளம்பும். சார்ஜரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்து, அந்த ரிசீவரின் வயரில் ஃபெரைட் கிளிப்புகளை மாட்டுங்கள். வயரைக் கிளிப்புக்குள் நாலைந்து சுற்று சுற்றினால் பலன் கூடும்.

கடலோரம் இன்னொரு எதிரி. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மாடிகளில் இந்தப் பெட்டியை வெளியில் வைக்கவே வைக்காதீர்கள். எஃப் கனெக்டரில் தனியாகப் பின் கிடையாது, வயரின் நடுக்கம்பியேதான் பின். உப்புக் காற்று பட்டால் அந்தச் செம்பு பச்சை பூத்துவிடும். வயர் வாங்கும்போது நடுக்கம்பியில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. வெட்டிய முனையில் துரு ஏறுவது அங்கிருந்துதான். கையால் திருகும் கனெக்டரை விட்டுவிட்டு கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகையைப் போடுங்கள். ஆன்டெனா முனையில் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.

ஹாம் லைசென்ஸ் உள்ளவர்கள் ஸ்கேனர் இருக்கும் வாயில் வாக்கி-டாக்கியை மாட்டிப் பேசிவிடக் கூடாது. 5 வாட் அனுப்பினால் 20 டெசிபெல் தடுப்பைத் தாண்டியும் பக்கத்து வாய்க்கு 50 மில்லிவாட் போகும். எஸ்டிஆர் டாங்கிள் தாங்குவது 10.

காசு இருந்தால் மினி சர்க்யூட்ஸ் கம்பெனியின் 50 ஓம் பெட்டிகளுக்குப் போகலாம். இசட்எஃப்எஸ்சி-2-1 என்பது 5 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான டூ-வே. அளவீட்டு வேலைக்கு அது தேவை. கப்பல் பார்க்கவும் பாட்டு கேட்கவும் இந்தக் கேபிள் டிவி பெட்டி ஐந்துக்கு நாலு. ஒரு மார்க்கைப் பிடித்துக்கொண்டது அந்த எஃப் கனெக்டர்.