இசப்கோல் எந்த டயட்டுக்குப் பொருந்தும்?

பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தைக் குறைக்கும் டயட்டில் இறங்கியவர்களிடம் இரண்டாவது வாரம் விசாரித்தால், எடை குறைந்த கதைக்குப் பிறகு மலச்சிக்கல் கதை வரும். பக்கத்திலேயே "ராத்திரி ஒரு ஸ்பூன் இசப்கோல் போடுங்க" என்ற ஆலோசனையும் வரும். ஆனால் எல்லா டயட்டிலும் அதற்கு ஒரே வேலை இல்லை.

குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு சிறு செடியின் விதைத்தோல்தான் இசப்கோல். 5 கிராமில் சுமார் 4 கிராம் நார்ச்சத்து. தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று ஊறிவிடும். குடல் பாக்டீரியாக்களால் அதை அதிகம் நொதிக்க வைக்க முடியாது. அதன் பலமும் பலவீனமும் இந்த ஒரு குணத்தில்தான் இருக்கின்றன.

கீட்டோவில் ஒரு நாளைக்கு மாவுச்சத்து 20 முதல் 50 கிராமுக்குள் நிற்க வேண்டும். சோறு, பருப்பு, பெரும்பாலான பழங்கள் எல்லாம் அவுட். அவற்றோடு நாரும் போய்விடுகிறது. இசப்கோலில் இருப்பது பெரும்பாலும் நார்தான் என்பதால் கணக்கில் இடிக்காது. பாதாம் மாவில் ரொட்டி சுடுபவர்களுக்கு, கோதுமையின் குளூட்டன் என்ற புரதம் செய்யும் பிடிமான வேலையையும் அது செய்து தருகிறது. இதுவரை சரி. ஆனால் கீரை, வெண்டைக்காய், காலிஃபிளவர் எதற்கும் கீட்டோவில் தடையில்லையே! அவற்றை விட்டுவிட்டு ஸ்பூனை மட்டும் நம்புவது சோம்பேறித்தனம் என்பேன். நல்ல பாக்டீரியாக்களுக்கு இசப்கோலில் பெரிதாகத் தீனி இல்லை. காய்கறியின் பொட்டாசியமும் வைட்டமின்களும் அதில் கிடைக்காது.

எரிச்சல் குடல் நோய்க்கு (ஐ.பி.எஸ்.) பரிந்துரைக்கப்படும் 'லோ ஃபாட்மேப்' முறையில் அதே குணம் வரமாகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பெரும்பாலான பருப்புகளைச் சில வாரங்கள் ஒதுக்கச் சொல்லும் முறை அது. நம் வீட்டு சாம்பாருக்கு அதில் இடமே இல்லை! நார் குறைகிறது; ஆனால் வேகமாக நொதிக்கும் நாரைச் சேர்த்தால் வயிறு உப்பும். மெதுவாக, குறைவாக நொதிக்கும் இசப்கோல் அங்கே பொருந்துகிறது. நெதர்லாந்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், இந்த நோயாளிகளில் ஒரு பிரிவுக்குத் தினம் 10 கிராம் இசப்கோலும், இன்னொரு பிரிவுக்கு அதே அளவு தவிடும் கொடுத்தார்கள். இசப்கோல் பிரிவில் நல்ல பலன் தெரிந்தது. தவிட்டுப் பிரிவில் தொல்லை கூடிப் பாதியில் விலகியவர்கள் நிறைய. என்னைக் கேட்டால் இசப்கோலுக்கு முதல் இடம் இந்த டயட்டில்தான்.

கொலஸ்ட்ராலுக்காகச் சாப்பிடுபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இசப்கோலின் கரையும் நார் தினம் 7 கிராம் சேர்ந்தால் இதய நோய் அபாயம் குறையலாம் என்று பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்துத் துறை 1998-இல் அனுமதித்தது. நிறைகொழுப்பு குறைந்த உணவோடு சேர்த்து, என்பது அதிலேயே உள்ள நிபந்தனை. காய்கறி, பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பிடும் மத்தியதரைக்கடல் பாணி உணவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். வெண்ணெயும் நெய்யுமாகச் சாப்பிட்டுவிட்டு அந்த வாசகத்தைக் காட்டுவது செல்லாது.

குளூட்டன் தவிர்ப்பவர்களுக்கு ரொட்டி சுட உதவும். இட்லி, தோசையோடு நிற்பவருக்கு அந்தத் தேவையும் இல்லை. பருப்பு, சுண்டல், கீரை, சிறுதானியம் என்று சாப்பிடும் சைவருக்கு மலச்சிக்கல், கொலஸ்ட்ரால் போன்ற தனிக் காரணம் இல்லாவிட்டால் வெறும் செலவு. இறைச்சி மட்டும் உண்ணும் 'கார்னிவோர்' ஆட்களிடம் செடி என்றாலே பேச்சு முடிந்தது.

எந்த டயட்டாக இருந்தாலும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, ஊறிக் கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலேயே வீங்கி அடைக்கலாம். விழுங்கச் சிரமப்படுபவர்களும் குடலில் அடைப்பு வந்தவர்களும் தொடவே கூடாது. மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது விடுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.