மிச்ச உருளைக்கிழங்கு மசியலுக்கு வார்ப்பிரும்புப் பணியாரச் சட்டி: வாங்கலாமா?

பூரிக்குச் செய்த மசாலா ஒரு கிண்ணம் மிஞ்சும். பிள்ளைகளுக்காக வெண்ணெயும் பாலும் விட்டு மசித்த கிழங்கு பாதி அப்படியே திரும்பி வரும். பல வீடுகளில் அது மறுநாள் போண்டா ஆகும், அல்லது கட்லெட் ஆகும். இரண்டிலும் ஒரே வில்லங்கம். ஈரமான மசியல் கொதிக்கிற எண்ணெயில் விழுந்ததும் உள்ளே ஆவி முட்டும். மேல்தோல் முழுக்க மூடியிருப்பதால் ஆவிக்கு வழி இருக்காது. வெடித்துக் கிழங்கு எண்ணெயில் கரையும். தோசைக்கல்லில் கட்லெட்டாகத் தட்டிப் போட்டாலோ, திருப்பும்போது பாதி கல்லிலேயே தங்கிவிடும்.

இந்த இரண்டு தொல்லைக்கும் வார்ப்பிரும்புப் பணியாரச் சட்டி நல்ல மாற்று. குழியின் சுவர் மசியலைத் தாங்கிப் பிடிக்கிறது. மேல்பக்கம் திறந்திருப்பதால் ஆவி தாராளமாக வெளியேறுகிறது. எண்ணெயும் கொஞ்சம்தான். ஆனால் சட்டியைச் சரியாகப் பார்த்து வாங்க வேண்டும், பழக்கவும் வேண்டும். இந்த இரண்டும் செய்யாதவர்கள்தான் ‘இதில் எல்லாம் ஒட்டுகிறது’ என்று பரண்மேல் தூக்கிப் போடுகிறார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு, வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் பாத்திரக் கடைகளில் பெரும்பாலும் மூன்று வகை பார்க்கலாம்: வார்ப்பிரும்பு, நான்ஸ்டிக் பூசிய அலுமினியம், உண்ணியப்பத்துக்கான வெண்கலச் சட்டி. உண்ணியப்பச் சட்டியின் குழி பொதுவாக ஆழமானது. அதில் எண்ணெய் நிறைய விட்டுத்தான் சுட முடியும், மசியலுக்கு வேண்டாம். நான்ஸ்டிக் முதல் நாளே ஒட்டாமல் வரும், எடையும் குறைவு. ஆனால் இரும்புக் குச்சியால் திருப்பினால் பூச்சு கீறும். காலிச் சட்டியை அடுப்பில் வைத்து மறந்தாலும் கெடும், ஏனென்றால் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்குகிறது. மொறுமொறுப்பான தோலும் அதில் அவ்வளவாக அமையாது. மெல்லிய அலுமினியத்தில் குளிர்ந்த மாவு விழுந்ததும் சூடு சட்டென்று இறங்கிவிடும். கனத்த இரும்பு சூட்டை விடாமல் வைத்திருக்கும்.

கடையில் நாலு விஷயம் பாருங்கள். காந்தம் ஒட்ட வேண்டும், ஏனென்றால் கறுப்புச் சாயம் பூசிய அலுமினியமும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். குழிக்குள் விரலை ஓட்டினால் மணல் போலச் சொரசொரப்பு இருக்கலாம், அது பழகப் பழக நிரம்பும். ஊசித் துளையோ வெடிப்போ இருந்தால் வேண்டாம், மசியல் அதில் போய் அடைத்துக்கொண்டு கருகும். குழியின் விட்டம் நாலரை சென்டிமீட்டர், ஆழம் 2 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் மசியலுக்குச் சரி. அதைவிட ஆழமானால் நடுவில் ஈரம் நிற்கும். கடைசியாக, கடைக்காரரிடம் கேட்டு ஒரு அடுப்புத் தாங்கியின்மேல் வைத்துப் பாருங்கள். குழிகளின் அடிப்பக்கம் உருண்டையாக இருப்பதால் சில சட்டிகள் ஆடும். ஆடுகிற சட்டியில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

பழக்குவதில்தான் நம் மாவட்டத்துக்காரர்கள் தடுக்கி விழுகிறோம். காரணம், வீட்டில் இருப்பது தேங்காயெண்ணெய். சட்டியில் எண்ணெய் தடவிச் சூடேற்றும்போது அது கெட்டிப்பட்டு இரும்போடு ஒட்டிய படலமாக மாற வேண்டும். நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எண்ணெய்தான் அப்படி மாறும். அயோடின் எண் இதைக் காட்டும் அளவு: தேங்காயெண்ணெய்க்கு அது சுமார் 6 முதல் 11 வரை, நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. அதனால் தேங்காயெண்ணெயில் பழக்கிய சட்டி பளபளக்கும், படலம் மட்டும் பிடிக்காது. பழக்க நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ எடுங்கள். சமைக்க உங்கள் தேங்காயெண்ணெயே போதும்.

முறை இது. புதுச் சட்டியைச் சோப்பும் தேங்காய் நாரும் போட்டு ஒரே ஒரு முறை நன்றாகத் தேயுங்கள். வடித்த கஞ்சித் தண்ணீரை ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் கழுவித் துடைத்து, சிறுதீயில் ஈரம் போகக் காய்ச்சுங்கள். பிறகு துணியில் எண்ணெய் தொட்டு, எல்லாக் குழியிலும் விளிம்பிலும் அடியிலும் தடவி, இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். எண்ணெயே இல்லையோ என்று தோன்றுகிற அளவுக்குத் துடைக்க வேண்டும், குழியின் அடியில் தேங்கினால் பிசுபிசுப்பாகக் காயும். புகை வந்து அடங்கும்வரை சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி தடவுங்கள். நாலைந்து சுற்று வேண்டும். முதல் சில தடவை மசியலைப் போடாதீர்கள், இட்லி மாவில் வெறும் பணியாரம் சுடுங்கள். புதுச் சட்டியில் நேரே கிழங்கைப் போட்டால் சுரண்டி எடுக்கிற வேலைதான் மிஞ்சும்.

இனி மசியல். எந்த மசியல் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். மசால் தோசைக்குள் வைக்கிற கெட்டி மசாலா அப்படியே ஆகும். பூரி மசாலாவில் தண்ணீரும் கரைத்து விட்ட கடலை மாவும் இருக்கும். அதை அகலமான சட்டியில் எண்ணெயில்லாமல் கிளறி, கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் மெதுவாக ஒரே கட்டியாக விழும்வரை வற்ற வைக்க வேண்டும். வெண்ணெய், பால் விட்ட மசியல் குளிர்பெட்டியில் கெட்டியாகத் தெரியும், சூடு பட்டதும் இளகும். அந்தக் கெட்டியை நம்பாதீர்கள். 100 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி ரஸ்க் தூள் சேருங்கள். பேக்கரியில் சில்லறையாக வாங்குகிற ரஸ்கை மிக்சியில் ஓட்டினால் போதும், ஆனால் இனிப்பு குறைந்ததாகப் பாருங்கள், சர்க்கரை சீக்கிரம் கருகும். மைதாவைக் கொட்டிக் கெட்டியாக்குவது குறுக்கு வழி. தின்னும்போது பசைதான் தெரியும்.

முந்தைய நாள் மசியல் புதிதாக மசித்ததைவிட உருட்ட நன்றாக வரும். வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகுவதே காரணம். ஆனால் மிக்சியில் அடித்த மசியல் எத்தனை மணி நேரம் குளிர்ந்தாலும் திருந்தாது. பிளேடு கிழங்கின் செல்களை உடைத்து மாவுச்சத்தை வெளியே விட்டுவிடும், அது கோந்துதான். அதைப் பணியார மாவில் கரைக்கலாம், உருட்டப் பார்க்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் மசியலை 2 மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். தேங்காய் அரைத்துச் சேர்த்ததென்றால் மறுநாளே முடித்துவிடுங்கள். நூல் விட்டாலோ புளித்த வாடை வந்தாலோ எந்தச் சட்டியும் அதைக் காப்பாற்றாது.

அதிகம் கைகொடுப்பது இட்லி மாவோடு சேர்ந்த பணியாரம். மசியல் 250 கிராம், லேசாகப் புளித்த இட்லி மாவு ஒரு கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, பொடியாக அரிந்த சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) பத்து, பச்சை மிளகாய் இரண்டு, ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை, இடித்த நல்லமிளகு அரைத் தேக்கரண்டி. உப்பை ருசி பார்த்த பிறகே போடுங்கள், மசியலிலும் மாவிலும் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் மசியலில் கொஞ்சம் மாவை விட்டுக் கட்டியில்லாமல் கையால் பிசைந்துவிட்டு மீதி மாவைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கரைத்தால் கிழங்குக் கட்டிகள் தனியாக நிற்கும், குழியில் ஒட்டுவது அவைதான். 10 நிமிடம் ஊறட்டும், இல்லாவிட்டால் அரிசி மாவு பச்சையாக நாக்கில் தட்டும்.

சட்டியைச் சிறுதீயில் 5 நிமிடம் காய வையுங்கள். எண்ணெய் விடுமுன் தண்ணீர்ச் சொட்டு துள்ளி ஓடினால் சூடு சரி. தண்ணீர்ச் சொட்டு துள்ளி ஓடினால் சூடு சரி. வெளிவட்டக் குழிகளை முதலில் நிரப்புங்கள், நடுக்குழியைக் கடைசியில். தீ நேராக நடுவில் படுவதால் அதுதான் முதலில் கருகும். குழிக்கு ஒரு மேசைக்கரண்டி மாவு, முக்கால் பங்குக்குமேல் வேண்டாம். மூடி வைத்து நடுத்தீயில் 3 நிமிடம், இடையில் சட்டியை ஒருமுறை கால்வட்டம் திருப்பி வையுங்கள். விளிம்பு சிவந்து, குச்சியால் தொட்டதும் தானாகச் சுழன்றால் திருப்பலாம். சுழலாவிட்டால் நோண்டாமல் இன்னும் அரை நிமிடம் விடுங்கள். பெரும்பாலான ஒட்டல் இந்த அவசரத்தில்தான் வருகிறது. திருப்பியபின் மூடாமல் 2 நிமிடம். இந்த அளவுக்கு 28 பணியாரம் வரை வரும், ஏழு குழிச் சட்டியில் நாலு சுற்று. தேங்காய்த் துவையல் பொருத்தம். தக்காளிச் சட்னியைவிடக் காய்ந்த மிளகாய் வைத்து அரைத்த துவையலே கிழங்கின் மந்தமான ருசிக்குச் சரி.

எண்ணெய்ச் சட்டி வைக்காமல் போண்டா வேண்டுமென்றால், கடலை மாவு ஒரு கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், காயம், உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா, தண்ணீர் முக்கால் கப். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி மாவு, அதன்மேல் சற்றே தட்டையாக்கிய 10 கிராம் மசியல் உருண்டை, மேலே இன்னொரு தேக்கரண்டி மாவு. பொரித்த போண்டாவின் கரகரப்பு இதில் வராது. அதைச் சொல்லாமல் பரிமாறினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒன்றுகூட வெடிக்காது.

சட்டியின் முழு மதிப்பும் தெரிவது மீன் உருண்டையில். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரையில் வருகிற சூரை இதற்குச் சரியான மீன், முள்ளை எளிதாக எடுக்கலாம், சதை உதிரியாக வரும். மஞ்சள், உப்பு, நல்லமிளகு போட்டு அவித்து உதிர்த்த சூரை 200 கிராமுக்கு மசியல் 100 கிராம். மசியல் அதற்கு மேலே போனால் அது கிழங்கு உருண்டைதான், மீன் பேருக்குத்தான். வதக்கிய உள்ளி, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, 2 மேசைக்கரண்டி ரஸ்க் தூள் சேர்த்துப் பிசைந்து 20 கிராம் உருண்டைகளாக உருட்டி, அடித்த முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டுங்கள். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, அரைத் தேக்கரண்டி எண்ணெயில் பக்கத்துக்கு 3 நிமிடம். மீன் அவித்த தண்ணீரைப் பிழிந்துவிட மறக்காதீர்கள், உருண்டை உதிர அதுதான் முதல் காரணம். சூரையை வாங்கியதிலிருந்து ஐஸிலோ குளிர்பெட்டியிலோ வையுங்கள். சூட்டில் கிடந்த சூரையில் உண்டாகிற ஹிஸ்டமின் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, தடிப்பும் தலைவலியும் வரும்.

மிஞ்சிய மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மசியலையும் இதில் சுடலாம், அளவு மட்டும் மாறும். மரச்சீனியில் பசை அதிகம், அரிசி மாவும் ரஸ்கும் தேவையில்லை. இட்லி மாவை ஒன்றரை மடங்காக்குங்கள், இல்லாவிட்டால் ஆறியதும் ரப்பர்போல இழுக்கும். சுடச்சுடத் தின்றுவிட வேண்டிய பண்டம் அது. எண்ணெயும் குழிக்கு அரைத் தேக்கரண்டியாவது வேண்டும்.

சட்டியின் குறைகள்: கனம், துரு, பொறுமை. ஏழு குழிச் சட்டியே 2 கிலோவை ஒட்டி இருக்கும், மணிக்கட்டு வலியுள்ளவர்கள் காது இரண்டு பக்கமும் உள்ளதாக வாங்குங்கள். இரண்டு மழைக்காலமும் கடற்காற்றும் உள்ள ஊர் இது. கழுவி வெயிலில் வைத்தால் போதும் என்று நினைத்தால் மறுநாள் குழிக்குள் செந்நிறம் தெரியும். கழுவியதும் அடுப்பில் ஒரு நிமிடம் காய வைத்து, வெதுவெதுப்பிலேயே நல்லெண்ணெய் துடைத்துத் தாளில் சுற்றுங்கள். துரு வந்தாலும் வீணில்லை, தேங்காய் நாரால் தேய்த்து மறுபடி இரண்டு சுற்றுப் பழக்கினால் சரியாகிவிடும். ஒட்டிய மசியலை உலோகக் கரண்டியால் சுரண்டாமல், வெந்நீர் ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவிட்டால் தானே கழன்றுவிடும்.

இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் உள்ளவர்களுக்கு உருண்டை அடிச் சட்டி பயன்படாது, இரும்பானாலும் அடி தளத்தில் படியாது. தட்டை அடி வார்ப்பிரும்பு கிடைத்தால் வாங்கலாம். எட்டுப் பேர் சாப்பிடுகிற வீட்டில் ஏழு குழி போதாது. அதற்காகப் பன்னிரண்டு குழிச் சட்டிக்குப் போகாதீர்கள், சாதாரண கேஸ் பர்னரின் தீ அதன் வெளிவட்டத்தை எட்டாது. இரண்டு அடுப்பில் இரண்டு ஏழு குழிச் சட்டி வைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.